அண்ணிக்கு ஆயுள் பரிசு

காப்பியைக் கொண்டுபோய் நீட்டினால் அண்ணி வாங்கமாட்டார். என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"இன்னா இது, செடிக்குத் தண்ணி ஊத்த வர்ற மாதிரி வர்ற? போய் மறுபடியும் வா" என்பார்.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். தொட்டிலில் பிள்ளை கத்திக்கொண்டிருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய் மறுபடியும் வருவேன்.

"வாசப்படிகிட்ட கொஞ்சம் நில்லு. என்னப் பாரு. அப்புறமா காலை எடுத்து வை. ஆங், அப்டித்தான்."

அதற்குள் காப்பி ஆறியிருக்கும். காப்பி ஏன் ஆறிப்போனது என்று அதற்கு ஒரு சண்டை.

அண்ணி என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் வாழ்க்கைப்பட்டுச் செஞ்சிக்கு வந்தபோது அவர் இந்த வீட்டில் இல்லை. மெட்ராசில் ஊமைப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். படம் பேச ஆரம்பித்த காலத்தில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். கல்கத்தாவுக்குப் போய்ப் பேசும் படம் எடுக்கப்போகிறார்கள், டைரக்டர் ரயில் டிக்கெட் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும்தான் இங்கே இருப்பேன் என்றார். பெட்டியைப் பிரிக்கவில்லை. மேலாக இருந்த இரண்டு சேலைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். மல்லாட்டைப் பறிப்பு, அதாவது வேர்க்கடலைப் பறிப்பு, வந்தது, போனது. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஒரு நாள் நான் களத்திலிருந்து திரும்பியபோது பெட்டியில் இருந்த சேலை எல்லாம் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊமைப் படம் எடுக்கும்போது டைரக்டர் பக்கத்திலேயே நின்று, இப்படித் திரும்பு, அப்படிப் பார், இப்போது அழு என்று கத்திக்கொண்டே இருப்பாராம். அழுகை சரியாக வராவிட்டால் "சரியா வரல, இன்னொரு தரம்" என்பாராம். சரியாக வருகிறவரைக்கும் இவர்களும் அழுதுகொண்டே இருப்பார்களாம். அந்தத் தொழில் போனது. "இன்னொரு தரம்" மட்டும் அண்ணியோடு எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

எதையும் முதல் தடவையில் ஏற்றுக்கொள்ள அவரால் முடியாது. என் வீட்டுக்காரர் நிலத்துக்குக் கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னால், தெருமுனைவரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்வார். அந்தக் குரல் இருக்கிறதே! ஆண்பிள்ளைக் குரல், அதிலும் தொண்டை கட்டிய ஆண்பிள்ளைக் குரல். கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் ரோட்டில் போகிற வண்டிமாடு நின்று திரும்பிப் பார்க்கும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். மருமகள் ஓடி வந்து பிணத்தின்மேல் விழுந்து அழுதாள். அண்ணி அவள் தோளைத் தொட்டு, "வாய்தான் அழுவுது, கண்ணு இன்னும் நகை எங்க இருக்குதுன்னு தேடுது. எழுந்துபோய் மறுபடியும் வா" என்றார். சாவு வீட்டில் அன்றைக்கு அடிதடி நடக்காமல் போனது மாதா புண்ணியம். அந்த வீட்டார் என்னோடு பேசாமலே பல வருஷம் இருந்தார்கள். அண்ணியோடு பேசினார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெரிய வெள்ளிக்குக் கோயில் வளாகத்தில், ஆண்டவர் பாடுபட்டதைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவோம். சொல்லிக்கொடுக்க அண்ணியை விட்டால் ஆள் இல்லை என்று பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டார். கேட்டிருக்கவே கூடாது. ஆண்டவரின் சீடர் இராயப்பர், சேவல் கூவுமுன் அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்ததாகத்தான் வேதத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் இராயப்பர், ஒத்திகையில் இல்லை, மேடையிலேயே, சனங்களுக்கு முன்னால், ஒன்பது தடவை மறுதலித்தார். ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல், "பயம் தெரியல, இன்னொரு தரம்" என்று வந்துகொண்டே இருந்தது. சேவலாகக் கூவ வேண்டியவன் எப்போது கூவுவது என்று தெரியாமல் அழுதுவிட்டான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் லூர்துவுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, சாதாரணச் சூடுதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணி வாசலை மறித்து நின்றுகொண்டார். "நீங்க புள்ளய சரியாப் பாக்கல. இன்னொரு தரம் பாருங்க." இரண்டாவது தடவை வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் தொண்டையில் வெள்ளை படிந்திருப்பது தெரிந்தது. வண்டி கட்டிக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை பிழைத்தாள். அதனால் எனக்கு அண்ணியை வீட்டைவிட்டுப் போகச் சொல்லவும் வாய் வராது. வைத்துக்கொள்ளவும் பொறுமை கிடையாது.

அந்த லூர்துவுக்குப் பதினெட்டு வயதானபோது சீயமங்கலத்துப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் கூச்சப்பட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். அண்ணி தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஆடு திருட வந்த மாதிரி வர்றியே. வெளிய போய் நல்லா நிமிர்ந்து வா பாப்போம்."

பையன் வெளியே போனான். அப்படியே போய்விட்டான். அவன் பின்னாலேயே அவனுடைய சனமும் எழுந்து போய்விட்டது. நான் செய்துவைத்த கேசரியைத் தெருப்பிள்ளைகள் தின்றார்கள். "நிமிர்ந்து நடக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு எதுக்கு?" என்று அண்ணியும் ஒரு தட்டு தின்றார்.

ஆகவே அடுத்த வருஷம் வல்லத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தபோது நான் முதலில் யோசித்தது, அவர்கள் வருகிற அன்றைக்கு அண்ணியை எங்கே ஒளித்துவைப்பது என்பதைத்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் மல்லாட்டை வியாபாரி. வார்த்தை சுத்தமானவர், வீண் பேச்சே கிடையாது என்று ஊரில் பேர். தை அமாவாசை கழித்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டூரிங் கொட்டகை முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். யுத்தம் முடிந்து, எஞ்சினுக்கு எண்ணெய் ஒருவாறு கிடைக்க ஆரம்பித்திருந்த நேரம். திண்டிவனம் ரோட்டு ஓரத்தில் புதுக் கொட்டகை போட்டிருந்தார். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டத்தைப் பிடிக்க ஏழு நாளைக்கு ஏழு படம், தினம் ஒரு விழா என்று ஏற்பாடு. அதற்குப் பட உற்சவம் என்று பேர் வைத்திருந்தார்.

"அம்மா, மெட்ராசுல கூட இதுமாதிரி யாரும் செஞ்சது இல்ல" என்று அண்ணியிடம் சொன்னார். "நம்ம ஜில்லாவுலயே மொதமொதல்ல சினிமாவுல நடிச்சவங்க நீங்க. உங்க ஆயுள்காலத் தொண்டுக்கு மேடையில ஒரு வெள்ளித் தட்டும் பொன்னாடையும் குடுக்கறோம்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஆயுள் தண்டனை தெரியும். அது இன்னாய்யா ஆயுள் பரிசு?"

அண்ணி சிரிக்கவில்லை. "எனக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆவுது. என் ஆயுசு முடிஞ்சிட்டுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? நாளைக்கே ஒருத்தரு வந்து நடிக்கக் கூப்பிட்டா, தட்ட வாங்கிக்கினு குந்திட்டேன்னு சொல்றதா? வேணாம், எழுந்து போங்க."

முதலாளி எழுந்திருக்கவில்லை. தட்டைக் கொடுக்க மெட்ராசிலிருந்து யார் வருகிறார் என்று சொன்னார். ஊமைப் படக் காலத்தில் அண்ணியை வைத்துப் படம் எடுத்த அதே டைரக்டர். இப்போது சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார், கார் வைத்திருக்கிறார்.

அண்ணி கொஞ்ச நேரம் கையிலிருந்த மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். "அவரா வர்றாரு?" என்று கேட்டார்.

"அவரேதாம்மா. உங்க பேரச் சொன்னதும் கண்ணு கலங்கிட்டாரு."

"சரி, வர்றேன்."

அவர் வருகிறார் என்றதும் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கோ கல்யாணக் கவலை. விழா வியாழக்கிழமை. கையில் தட்டு, தோளில் பொன்னாடை என்று கௌரவம் கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை வல்லத்துக்காரர்களுக்கு முன்னால் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரம். இருட்டினால்தான் படம் ஓட்ட முடியும் என்பதால் அதற்கு முன்னால் விழா. கொட்டகை நிறைந்து, மணல் தரையில் கால் வைக்க இடமில்லை. கோட்டை மலைப் பாறையின் சூடு அடங்காமல் காற்றோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. நான், வீட்டுக்காரர், லூர்து மூவரும் முன் பெஞ்சியில் உட்கார்ந்தோம். மேடையில் நான்கு நாற்காலி. ஒன்றில் அண்ணி, ஒன்றில் டைரக்டர், ஒன்றில் கொட்டகை முதலாளி. நான்காவது நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரைக் கிள்ளினேன். வல்லத்து மல்லாட்டை வியாபாரி. முதலாளிக்குச் சிநேகிதராம்.

"அண்ணி வாயத் தொறக்காம இருக்கணும் மாதாவே" என்று வேண்டிக்கொண்டேன்.

டைரக்டர் மைக்குக்கு முன்னால் வந்தார். வெள்ளை ஜிப்பா, தங்க பிரேம் கண்ணாடி. பேச்சு தேன் மாதிரி இருந்தது.

"புகழின் உச்சியில் இருந்தபோது, குடும்பமே கோயில் என்று எண்ணிக் கலையுலகைத் துறந்து போனார் இந்த அம்மையார். நாங்கள் எவ்வளவோ மன்றாடினோம். கல்கத்தாவுக்கு வாருங்கள், பேசும் படத்தில் உங்களை விட்டால் யார் என்று காலில் விழாத குறையாகக் கேட்டோம். தம்பி குடும்பம் இருக்கிறது, அவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அன்று கலைத்தாய் அழுதாள். அந்தத் தியாகத்துக்குத்தான் இந்தப் பரிசு!"

கொட்டகை அதிரக் கைதட்டல். என் வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் முந்தானையை எடுத்தேன். அண்ணியைப் பார்த்தேன். உதட்டை இறுக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் தட்டை நீட்டினார். அண்ணி எழுந்தார். தட்டை வாங்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரியா வரல. இன்னொரு தரம் சொல்லுங்க."

அந்தக் குரல் ஒலிபெருக்கியில் வெளியே ரோடுவரை போனது. சனங்கள் ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகு சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். அண்ணி நகரவில்லை. தரை டிக்கெட்டிலிருந்து யாரோ "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான். அவ்வளவுதான், கொட்டகை முழுக்க ஒன்ஸ்மோர்.

டைரக்டர் மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை குடும்பத் தியாகம் இல்லை. அம்மையாருக்கு அப்போது உடல்நிலை சரியில்லை, வைத்தியர் கல்கத்தாத் தண்ணீர் ஆகாது என்றார்.

"எனக்கு ஒரு நோவும் இல்ல. இன்னொரு தரம்."

முதலாளி பதறிப்போய், பாட்டு ரெக்கார்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு வரி பாட்டு வந்தது. "நிறுத்துடா" என்றார் அண்ணி. பாட்டு நின்றது.

"அப்போ டாக்கி புதுசு" என்றார் டைரக்டர். நெற்றி வேர்த்துவிட்டது. "முதலாளிகள் யாரோ என்னவோ முடிவு பண்ணினார்கள். கடிதப் போக்குவரத்தில் ஏதோ தவறு…"

"சரியா வரல" என்றார் அண்ணி. கோபமே இல்லை. எனக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லித்தருவாரே, அதே குரல். "எங்கியோ பாத்துக்கினு சொல்றீங்க. என்னப் பாத்து சொல்லுங்க."

இப்போது யாரும் ஒன்ஸ்மோர் கத்தவில்லை. முறுக்கு விற்கிறவன்கூட நின்றுவிட்டான். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாவில் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொள்ளவில்லை. மேடைத் தமிழும் போய்விட்டது.

"உன் குரலு தேறல. பரிட்சை வெச்சப்பவே சவுண்டு ஆளு வேணாம்னுட்டான். அத உன் மூஞ்சியப் பாத்து சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஊருக்குப் போயிரு, டிக்கெட் அனுப்பறேன்னு சொன்னேன். அனுப்பற எண்ணம் அப்பவே எனக்குக் கிடையாது. நீ காத்துக்கினு இருப்பேன்னும் தெரியும்."

"ஆங்" என்றார் அண்ணி. "இப்ப சரியா இருக்குது."

தட்டை வாங்கிக்கொண்டார். பொன்னாடைக்குக் குனிந்து கொடுத்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார். யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. முதலாளி நன்றியுரையை விழுங்கிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். வல்லத்துக்காரர் படம் பார்க்க நிற்காமல், எங்கள் பக்கம் திரும்பாமல் வெளியேறினார். அவருடைய முதுகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெண்ணின் கல்யாணமே எழுந்து வெளியே போவதுபோல இருந்தது. அண்ணி எங்களோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். நடுவில் வேர்க்கடலை கேட்டார்.

மறுநாள் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். "இன்னொரு தரம் போடு" என்று சொல்லட்டும், சட்டியையே கவிழ்த்துவிடுகிறேன் என்று இருந்தேன். அவர் போட்டதைச் சாப்பிட்டு எழுந்தார். என் வீட்டுக்காரரிடம்தான் கொட்டித் தீர்த்தேன்.

"பதினஞ்சு வருசத்துக்கு முந்தின கத. இப்ப கேட்டு இன்னா ஆவப்போவுது? நம்ம பொண்ணு வாழ்க்கைதான போச்சி?"

"அது அப்டித்தான். நான் இன்னா செய்ய?" என்றார். அதற்குமேல் அவரிடம் என்றைக்கும் ஒன்றும் வராது.

பெண் பார்க்க வரவில்லை என்று சொல்ல வல்லத்திலிருந்து ஆள் வரும் என்று சனிக்கிழமை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வல்லத்து வண்டி வாசலில் நிற்கிறது. தகப்பனார், தாய், மாப்பிள்ளைப் பையன், இன்னும் இரண்டு பேர். அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டுப் பின்கட்டுக்குப் போகச் சொன்னேன். போனார். லூர்து வந்து நின்றாள். பையன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான், அது ஒரு நிம்மதி. ஆனால் பேச்சு ஓடவில்லை. தகப்பனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார். "கொட்டகையில பேசனாங்களாமே, அந்தம்மா எங்க?"

முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் வந்து கதவோரம் நின்றார்.

"நீங்கதானா? நான் அன்னிக்கி வரல. இவரு வந்தாரு" என்று அந்த அம்மாள் புருஷனைக் காட்டினார். "ராத்திரி வந்து சோறு துண்ணாம பட்த்துக்கினாரு. வெள்ளிக்கெழமையும் துண்ணல. இன்னான்னு கேட்டேன், சொல்லல. சாயந்திரமா தானே வந்து எம் முன்னால குந்தினாரு. எங்கம்மா, இவரு மாமியாரு, செத்தப்ப எனக்குச் சேதி ஒரு வாரம் கழிச்சித்தான் வந்துது. மொகத்தக்கூடப் பாக்கல. சேதி சொல்ற ஆளு லேட்டா வந்தான்னு இத்தினி வருசமா சொல்லிக்கினு இருந்தாரு. ஆளு அன்னிக்கே வந்துட்டானாம். மல்லாட்டப் பறிப்பு நேரம், நான் போய்ட்டா ஆளுங்களுக்குச் சோறு ஆக்க ஆள் இல்லன்னு இவரு மறச்சிட்டாராம்."

அந்தப் பெரிய மனிதர் கூரையை விட்டுக் கண்ணை இறக்கித் தரையில் வைத்தார். அண்ணி போய் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா ஆத்துமாவுக்குப் பூசை வச்சீங்களா?"

"இன்னிக்கிக் காலயில வச்சிட்டுத்தான் வரோம். இவருதான் சாமியாருகிட்டப் போய்ச் சொன்னாரு." அந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு லூர்துவைப் பார்த்தார். "பொண்ணு எனக்குப் புடிச்சிருக்குது. இந்தம்மா இருக்கற ஊட்டுப் பொண்ணு எங்களுக்கு வேணும்."

பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டோம். வல்லத்துக்காரர் கிளம்பும்போது எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அண்ணிக்கு முன்னால் வந்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி தண்ணீர் இறைத்து ஊற்றினார். காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது, ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கேட்டுவிட்டேன்.

"எல்லாம் சரி அண்ணி. அந்தாளு மொதல்ல பேசனது எவ்ளோ நல்லா இருந்துது. உங்களப் பத்தி ஊரே அழுவுற மாதிரி சொன்னாரு. அதயே வாங்கிக்கினு மரியாதியா வந்திருக்கலாம் இல்ல? எனக்கு மூணு நாளா உயிரே இல்ல."

அண்ணி கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"நல்லாத்தான் சொன்னாரு. கேக்கக் கேக்க எனக்கும் அழுவ வந்துட்டுது. ஆமா, நாமதான வேணாம்னு சொல்லிட்டு வந்தோம்னு நெனச்சிட்டேன். உதட்டக் கடிச்சிக்கினு குந்தியிருந்தேன், பாத்தியா? இன்னும் ரெண்டு வார்த்த அவரு பேசியிருந்தா, அதயே நம்பிக்கினு கடேசிவரைக்கும் இருந்திருப்பேன்."